தலை முதல் கால் வரை மூடும் கவச உடைக்குள் வெப்பத்தைக் குறைப்பது எப்படி?

கேள்வி: ஹட்டன் கவசக்காரன்

அனைவருக்கும் வணக்கம். நான் ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன். எந்தக் கதையிலும் வராத, நானே வரைந்து வடிவமைத்த ஒரு போர்வீரனுக்கான முழுக் கவசத்தைச் சில மாதங்களாகச் செய்து வருகிறேன். 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஈ.வி.ஏ. ஃபோம் எனும் இலேசான, மெத்தென்ற செயற்கை நுரைத் தகடுகளை வெட்டி, சூடுகாட்டி வளைத்து, கொன்டாக்ட் பசையால் ஒட்டி, மேலே வெள்ளி நிறம் பூசியிருக்கிறேன். மார்பு, முதுகு, தோள், முழங்கை, தொடை, கெண்டைக்கால் எல்லாம் முடிந்துவிட்டன. தலைக்கவசத்தில் கண்களுக்கு முன்னால் ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடு ஒன்றும் பொருத்தியிருக்கிறேன். ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் வசந்தகாலக் கூட்டம் இருக்கும்போது எங்கள் இளைஞர் கழகம் நடத்தவிருக்கும் ஊர்வலத்தில் இதை அணிய வேண்டும், அதன் பிறகு கொழும்பில் ஒரு மண்டபத்தில் நடக்கும் வேடப்போட்டிக்கும் கொண்டுபோக வேண்டும் என்பது என் எண்ணம்.

உள்ளே சேரும் வெப்பம்தான் பிரச்சினை. பனி இறங்கிய மாலை நேரத்தில், வெளியே மற்றவர்கள் ஸ்வெட்டரோடு நிற்கும்போதுகூட, கவசத்தை மாட்டிக்கொண்டு லயத்துக் கோடியிலிருந்து கோயில் வரை ஏறினாலே உள்ளேயிருக்கும் சட்டை பிழிந்தெடுக்கும் அளவுக்கு நனைந்துவிடுகிறது. கண்தகடு வெண்மையாக மங்கி, படி எது, பள்ளம் எது என்று தெரிவதில்லை. கழற்றியவுடன் அந்த ஈரத்தின் மேல் குளிர்காற்றுப் பட்டு உடம்பு நடுங்குகிறது. "நம்ம ஊர்க் குளிருக்கு இது ஒரு போர்வை மாதிரிதானே" என்கிறார்கள் நண்பர்கள், ஆனால் உள்ளே இருப்பவனுக்கு அப்படித் தோன்றவில்லை. துளைகள் போடுவதா, மின்விசிறி வைப்பதா, ஐஸ் கட்டிக்கொள்வதா? கவசத்தின் தோற்றம் கெடாமல் எதைச் செய்யலாம் என்று அனுபவமுள்ள அண்ணன்மாரும் அக்காமாரும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில்: வாட்டுதளம்

தம்பி, நான் பல ஆண்டுகளாகத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் வேலை செய்கிறேன். உங்கள் கேள்வியை வாசித்தபோது நாங்கள் அன்றாடம் பார்க்கும் விடயம்தான் இது என்று தோன்றியது. கொழுந்தைச் சாக்கில் அழுத்தி அடைத்துவிட்டால், மலையில் எவ்வளவு குளிராக இருந்தாலும் உள்ளே தானாகவே சூடேறி இலை சிவந்துவிடும். இலை உயிரோடு இருக்கும்வரை சுவாசித்து வெப்பத்தை வெளிவிடுவதே அதற்குக் காரணம். உங்கள் கவசமும் அப்படியொரு சாக்குதான். ஈ.வி.ஏ. ஃபோம் முழுவதும் மூடிய சிறு காற்றறைகளால் ஆனது என்பதால், வெளிக்குளிர் அதன் வழியாக உங்கள் தோலை வந்து சேராது, உங்கள் வெப்பமும் வெளியே போகாது.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறக்குறைய 100 வாற்று வெப்பத்தை வெளிவிடுகிறது. கவசத்தின் பாரத்தோடு மேட்டில் ஏறும்போது அது 300 வாற்றையும் தாண்டக்கூடும். இதை வெளியேற்ற உடலுக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை. ஆனால் வியர்வை வழிந்தோடுவதால் உடல் குளிர்வதில்லை, அது ஆவியாக வேண்டும். தோலின் மேல் ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2.4 கிலோயூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. உங்கள் சட்டை பிழியும் அளவுக்கு நனைகிறது என்றால், உடல் தன் கடமையைச் செய்தும் அந்த நீர் ஆவியாக இடமில்லாமல் வீணாகிறது என்றே பொருள். உள்ளேயிருக்கும் காற்று சில நிமிடங்களில் ஈரத்தால் நிறைந்து, அதற்கு மேல் எதையும் ஏற்க மறுக்கிறது. ஆகவே நீங்கள் குளிரைத் தேட வேண்டியதில்லை, உள்ளேயிருக்கும் காற்றை மாற்றிக்கொண்டே இருந்தால் போதும்.

இந்த இடத்தில்தான் மலைநாடு நமக்குக் கைகொடுக்கிறது. பனிமூட்டமான நாளில் காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறதே, அதை உள்ளே விட்டு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். 18 பாகை வெப்பநிலையில் ஒரு கன மீற்றர் காற்று அதிகபட்சம் 15 கிராம் அளவு நீராவியைத்தான் வைத்திருக்க முடியும். அதே காற்று கவசத்துக்குள் வந்து உடல் சூட்டில் 32 பாகையை எட்டும்போது அதன் கொள்ளளவு 34 கிராமுக்கு அருகில் உயர்ந்துவிடுகிறது. அதாவது வெளியே ஏறக்குறைய நிறைந்திருந்த காற்று, உள்ளே வந்ததும் மேலும் 20 கிராம் நீரை ஏற்கத் தயாரான உலர்ந்த காற்றாக மாறிவிடுகிறது. மழைக்காலத்தில், காற்றின் ஈரத்தை அறிய நாங்கள் பார்க்கும் உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகளுக்கிடையே வேறுபாடு குறைந்து கொழுந்து வாடாமல் கிடக்கும்போது, நாங்கள் சூடான காற்றைக் கலந்து விசிறியால் அனுப்புவதும் இதே காரணத்துக்காகத்தான். உங்களுக்கு அந்தச் சூட்டை உடலே இலவசமாகத் தருகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால், 250 வாற்று வெப்பத்தை ஆவியாதல் மூலம் வெளியேற்ற மணிக்கு ஏறக்குறைய 375 கிராம் வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு கன மீற்றருக்கு 20 கிராம் என்று வைத்தால் மணிக்கு 19 கன மீற்றர் காற்றுப் போதும். காற்று எல்லா இடத்தையும் ஒரே சீராகத் தொடாது என்பதால் அதை இரண்டு மடங்காக்கி, 40 கன மீற்றர் என்று திட்டமிடுங்கள். இது பெரிய அளவல்ல, சிறிய விசிறிகளாலேயே ஆகக்கூடிய காரியம்.

ஆனால் விசிறியை வாங்குவதற்கு முன் காற்றுக்குப் பாதை அமைக்க வேண்டும், இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். வாட்டும் தொட்டியில் கொழுந்தை வலையின் மேல் பரப்புவது, கீழிருந்து வரும் காற்று ஒவ்வொரு இலையையும் தொட வேண்டும் என்பதற்காகத்தான். மார்புத் தகடும் முதுகுத் தகடும் உடலோடு ஒட்டிக் கிடந்தால் எத்தனை விசிறி வைத்தாலும் காற்று நுழையாது. மீதமுள்ள ஃபோமிலிருந்து விரலளவு அகலமான பட்டைகளை வெட்டி, தகட்டின் உட்புறத்தில் இரண்டு விரல் இடைவெளி விட்டுச் செங்குத்தாக ஒட்டுங்கள். அவற்றின் மேல், மரக்கறி கட்டும் வலைப் பையைப் பிரித்து இழுத்து ஒட்டிவிட்டால், சட்டை அந்தக் கால்வாய்களுக்குள் புதைந்து பாதையை அடைக்காது. பட்டைகளைக் குறுக்கே ஒட்டிவிடாதீர்கள். சூடான காற்று மேலே எழும் இயல்புடையது, அதன் போக்கிலேயே வழிவிட வேண்டும்.

பதில்: மாசித்திங்கள்

தம்பியின் முயற்சிக்கு வாழ்த்துகள். எங்கள் தோட்டத்தில் மாசி மாதத்தில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தில் வேடம் கட்டி ஆடியவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் என்று எங்கள் உடையும் இலேசானதல்ல, இரவு முழுவதும் ஆட வேண்டியிருக்கும். ஆனால் அந்த உடை ஒரே மூடியாக இருப்பதில்லை. தனித்தனித் துண்டுகளாக நாடாக்களில் தொங்கும், ஆடும்போது ஒவ்வொன்றும் அசைந்து காற்றை உள்ளே தள்ளும். உங்கள் கவசத்திலும் அக்குள், முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், இடுப்பின் பக்கவாட்டு ஆகிய இடங்களில் ஃபோம் தேவையில்லை. கறுப்பு வலைத்துணியை வைத்துத் தைத்துவிட்டால், சில அடி தூரத்தில் நிற்பவருக்கு அது நிழலாகத்தான் தெரியும்.

முதுகுக்கு மேலங்கி ஒன்றைத் தொங்கவிடுங்கள். போர்வீரனுக்கு அது அழகும் கூட. அதற்குக் கீழே முதுகுத் தகட்டில் உள்ளங்கை அளவு பெரிய துவாரமே வெட்டினாலும் யாருக்கும் தெரியாது. தோள்பட்டையின் உட்புறத்தில் மடித்த துணியை வைத்து, கவசத்தின் பாரம் அந்த இடத்தில் மட்டும் தங்கும்படி செய்தால், மார்பும் முதுகும் உடலை அழுத்தாமல் விலகி நிற்கும்.

உள்ளே பருத்திச் சட்டை போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பருத்தி வியர்வையைக் குடித்து, கனத்து, ஒட்டிக்கொள்ளும். கழற்றிய பிறகு உங்களை நடுங்க வைப்பதும் அதுதான். விளையாட்டு வீரர்கள் அணியும் மெல்லிய பொலியெஸ்டர் ஜேர்சி, கைகால் முழுவதையும் மூடும் இறுக்கமான வகை, நல்லது. ஊர்வலம் முடிந்து கழற்றும் இடத்தில் உலர்ந்த சட்டையும் ஒரு போர்வையும் தயாராக இருக்கட்டும்.

ஹட்டன் கவசக்காரன் எழுதியது

வாட்டுதளம் ஐயாவுக்கும் மாசித்திங்கள் அண்ணனுக்கும் மிக்க நன்றி. பட்டைகள் ஒட்டும் வேலையை இன்றே தொடங்குகிறேன். எந்த விசிறி, எந்த மின்கலம் என்பதிலும், கண்தகடு மங்குவதைத் தடுப்பதிலும்தான் இன்னும் தெளிவில்லை. ஐஸ் பைகளை மார்பில் கட்டிக்கொள்வது பற்றியும், குழாய்களில் குளிர்நீரைச் சுற்றவிடும் உள்ளாடை பற்றியும் வாசித்தேன். அவை விசிறியைவிடச் சிறந்தவையா?

பதில்: பண்டாரவளை பழுதுபார்ப்பவன்

கணினி, கையடக்கத் தொலைபேசி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். விசிறிகளில் இரண்டு வகை உண்டு. கணினிப் பெட்டியின் பின்னால் இருக்கும் சதுர விசிறி திறந்த வெளியில் நிறையக் காற்றைத் தள்ளும், ஆனால் குறுகிய பாதையில் தடை ஏற்பட்டால் அதன் காற்று வெகுவாகக் குறைந்துவிடும். நத்தை ஓட்டைப் போன்ற உறைக்குள் சுழன்று பக்கவாட்டில் ஊதும் புளோவர் வகை, அளவில் குறைந்த காற்றைத் தந்தாலும் தடையை எதிர்த்து ஊதும். ஆகவே முதுகின் கீழ்ப்பகுதியில், மேலங்கியின் மறைவில், 80 மில்லிமீற்றர் சதுர விசிறி ஒன்றைப் பெரிய வாயோடு வைத்து வெளிக்காற்றை உள்ளே தள்ளுங்கள். தலைக்கவசத்துக்கு 50 மில்லிமீற்றர் புளோவர் ஒன்று போதும். கணினி விசிறிகள் பெரும்பாலும் 12 வோல்ற்றில் இயங்குபவை. 5 வோல்ற்று கொடுத்தால் மெதுவாகச் சுழலும், சில சுழலவே மாட்டா. யூ.எஸ்.பி.யில் நேரடியாக ஓடும் 5 வோல்ற்று விசிறியைக் கேட்டு வாங்குங்கள், அல்லது 5 வோல்ற்றை 12 ஆக உயர்த்தும் வயரைச் சேர்த்து வாங்குங்கள்.

10,000 மில்லியம்பியர் மணி என்று எழுதியிருக்கும் பவர் பாங்க் ஒன்றில் உண்மையில் 37 வாற்று மணி ஆற்றல் இருக்கிறது. மாற்றத்தில் போகும் இழப்பைக் கழித்தால் 30 அளவு மிஞ்சும். இரண்டு விசிறிகளும் சேர்ந்து 4 வாற்று எடுத்தால் ஏழு மணித்தியாலங்களுக்கு அது தாங்கும், ஊர்வலத்துக்கு அதிகமே. சில பவர் பாங்குகள் மிகக் குறைந்த மின்னோட்டத்தைக் கண்டால் எதுவும் செருகப்படவில்லை என்று கருதி அணைந்துவிடும் என்பதால், வீட்டிலேயே ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள். அதை ஃபோமுக்கும் உடலுக்கும் நடுவில் செருகாதீர்கள். லித்தியம் மின்கலம் சூட்டையும் ஈரத்தையும் அழுத்தத்தையும் தாங்குவதில்லை. இடுப்புப் பட்டியில் வெளிப்புறமாக ஒரு தோல்பை தைத்து அதில் வைத்தால் கவசத்தோடு பொருந்தியும் இருக்கும், எட்டி அணைக்கவும் முடியும்.

கண்தகடு மங்குவதற்குக் காரணம், உங்கள் மூச்சிலும் உடலிலும் இருந்து எழும் நீராவி, வெளிக்குளிரால் குளிர்ந்த தகட்டில் பட்டு ஒடுங்குவது. அதனால் கொழும்பைவிட நுவரெலியாவில் இது கடுமையாக இருக்கும். கவசத்துக்குள்ளிருந்து ஈரக்காற்று கழுத்து வழியாகத் தலைக்குள் ஏறுவதை முதலில் தடுங்கள். கழுத்தைச் சுற்றித் துணிப்பட்டி ஒன்றைக் கட்டி, உடல் பகுதிக் காற்று பின்கழுத்துக்குக் கீழே, தோள்களின் மேற்பகுதியில் வெளியேறும்படி வழி விடுங்கள். தலைக்கவசப் புளோவர் தாடைப் பக்கத்திலிருந்து வெளிக்காற்றையே இழுத்து, தகட்டின் உட்புறத்தைத் தழுவும்படி ஊத வேண்டும், அந்தக் காற்று உச்சியின் பின்பக்கத் துவாரத்தால் போகட்டும். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளியைத் தகட்டின் உள்ளே பூசி, மெல்லிய துணியால் தெளியும்வரை துடைத்துவிட்டால் நீர் துளித்துளியாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவும், பார்வை மறையாது. இது ஓரிரு மணித்தியாலங்களுக்கே நிற்கும் என்பதால் புறப்படும் முன் பூசுங்கள்.

குளிர்நீர் உள்ளாடை நல்ல தொழில்நுட்பம். 1966 ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி 9ஏ விண்வெளிப் பயணத்தில் விண்வெளியில் இறங்கிய யூஜின் சேர்னனின் உடைக்குள் வாயுவைச் சுற்றவிட்டுக் குளிரூட்டும் ஏற்பாடே இருந்தது. கடும் உழைப்பில் அது ஈடுகொடுக்காமல் அவருடைய முகத்தகடு மங்கிவிட்டது. பின்னர் சந்திரனில் நடந்த அப்பலோ வீரர்கள் நீர் ஓடும் மெல்லிய குழாய்கள் பின்னிய உள்ளாடையை அணிந்தார்கள். ஆனால் அவர்களைச் சுற்றிக் காற்றே இல்லை. நமக்கு மலைக்காற்று தாராளமாகக் கிடைக்கும்போது, பம்பியும் நீர்ப்பையும் ஐஸும் சுமப்பதற்குத் தேவை எழவில்லை என்பது என் கருத்து.

பதில்: பதுளை தாதி

தொழில்நுட்பம் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் உடல்நலத்தைப் பற்றி எழுதுகிறேன். தம்பி, தனியாக ஒருபோதும் இதை அணிந்து நடக்காதீர்கள். உங்கள் முகம் மூடியிருப்பதால் நீங்கள் வெளிறிப்போவதையோ தடுமாறுவதையோ யாரும் பார்க்க முடியாது. ஒரு நண்பர் முழு நேரமும் உங்கள் பக்கத்தில் வர வேண்டும். அவர் கேள்வி கேட்க, நீங்கள் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். தலையசைப்பை ஏற்கக் கூடாது. மார்புத் தகட்டையும் தலைக்கவசத்தையும் அவர் ஒரு நிமிடத்துக்குள் கழற்றக்கூடியவாறு கொக்கிகளும் வெல்க்ரோவும் வெளிப்புறத்தில் இருக்கட்டும், இதை முன்கூட்டியே செய்து பாருங்கள்.

தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், தசைப்பிடிப்பு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அத்தோடு நிறுத்துங்கள். பேச்சுக் குழறினாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் குழம்பினாலோ, மயங்கினாலோ அது வெப்பத் தாக்கம், உயிருக்கு ஆபத்தானது. உடனே 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் கவசத்தைக் கழற்றி, குளிர்நீரை உடம்பெங்கும் ஊற்றி விசிற வேண்டும். வியர்வை நின்றால்தான் வெப்பத் தாக்கம் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது, உழைப்பால் வரும் தாக்கத்தில் உடம்பு நனைந்தே இருக்கலாம். நினைவு தெளிவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

அணிவதற்கு முன்பும் ஓய்வின்போதும் தண்ணீர் குடியுங்கள். நிறைய வியர்த்திருந்தால் நீரிழப்புக்குக் கொடுக்கும் உப்புத்தூளான ஜீவனியில் ஒரு பக்கெற்றை ஒரு லீற்றர் நீரில் கரைத்துக் குடிக்கலாம், அரைப் பக்கெற்றைக் கண்மதிப்பாகக் கரைக்காதீர்கள். கழிப்பறைக்குப் போவது சிரமம் என்பதற்காகத் தண்ணீரைத் தவிர்க்கும் வழக்கம் நம் தோட்டத்துப் பெண்களிடம் நான் அன்றாடம் பார்க்கும் ஒன்று, அதன் விளைவுகளையும் வார்ட்டில் பார்க்கிறேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள், கவசத்தின் இடுப்புப் பகுதியை எளிதில் கழற்றும்படி அமைத்துக்கொள்ளுங்கள். தடிமனுக்கு (சளிக்கு) வாங்கும் சில ஒவ்வாமை மாத்திரைகள் வியர்வையைக் குறைப்பவை. காய்ச்சலோ வயிற்றோட்டமோ இருந்தாலும் அன்று கவசம் வேண்டாம்.

ஓய்வு நேரத்தில் கையுறைகளையும் முழங்கைத் தகடுகளையும் கழற்றி, கைகளை முழங்கை வரை ஒரு வாளிக் குளிர்நீரில் பத்து நிமிடம் அமிழ்த்தி வைத்திருங்கள். தீயணைப்பு வீரர்கள் பணிக்கு நடுவே உடற்சூட்டைத் தணிக்கக் கையாளும் முறை இது. மலையிலிருந்து வடிந்துவரும் நம் பீலித் தண்ணீரைவிட இதற்குப் பொருத்தமான தண்ணீர் வேறெதுவும் இல்லை.

பதில்: வாட்டுதளம்

ஐஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு கிலோகிராம் ஐஸ் முழுவதும் உருகும்போது 334 கிலோயூல் வெப்பத்தை உறிஞ்சும். அதே அளவு வெப்பத்தை 140 கிராம் வியர்வை ஆவியாகிப் போகும்போதே எடுத்துச் சென்றுவிடும், அது ஒரு தேநீர்க் கோப்பை அளவுகூட இல்லை. ஒரு மணித்தியாலத்தில் உருகித் தீர்ந்த அந்த ஐஸ் தருவது 93 வாற்றுக் குளிர்ச்சிதான். அதற்கு மேல் ஏற்றத்தில் அதன் பாரத்தையும் நீங்கள் சுமக்க வேண்டும். ஆகவே நுவரெலியா ஊர்வலத்துக்கு ஐஸ் வேண்டாம்.

கொழும்பு வேறு கதை. அங்கே 30 பாகையில், ஈரப்பதன் நூற்றுக்கு 75 என்று வைத்தால், உள்ளே வரும் காற்றில் ஏற்கனவே கன மீற்றருக்கு 23 கிராம் நீராவி இருக்கும். உடல் சூட்டில் அது மேலும் 10 கிராம் சொச்சத்தைத்தான் ஏற்கும், அதாவது இங்கே கிடைப்பதில் பாதி. மண்டபம் குளிரூட்டப்பட்டதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மேடைக்கு ஏறும் குறுகிய நேரத்துக்கு மட்டும் கவசத்தை அணிந்து, அப்போது துணியில் சுற்றிய ஐஸ் பை ஒன்றை மேல்முதுகில் வைத்துக்கொள்ளலாம், தோலில் நேரடியாகப் படக் கூடாது. வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், ஹட்டனிலிருந்து காலை ரயிலில் இறங்கி மாலையில் வேடம் கட்டும் ஒருவரால் கொழும்பில் வாழ்பவரைப் போல அதைத் தாங்க முடியாது.

பட்டைகளை ஒட்டி முடித்த பிறகு, பசையின் வாடை முழுவதும் போகும்வரை சில நாட்கள் காற்றோட்டமான இடத்தில் கவசத்தைத் திறந்து வையுங்கள். விசிறி அந்த ஆவியை உங்கள் மூக்குக்கே கொண்டுவரும். அடுத்து, கவசத்தை அணிந்து விசிறியை ஓடவிட்டு, நண்பரிடம் மெல்லிய ரிஷூ தாளிலிருந்து ஒரு விரல் அகலக் கீற்றைக் கிழித்துக் கொடுங்கள். அவர் அதைத் தோள், பின்கழுத்து, அக்குள், முழங்கால் மடிப்பு என்று ஒவ்வொரு திறப்பின் முன்னும் பிடித்துப் பார்க்கட்டும். கீற்று வெளிப்பக்கமாக ஆடினால் அங்கே காற்று போகிறது. ஆடாமல் தொங்கினால் உள்ளே எங்கோ பாதை அடைபட்டிருக்கிறது, அந்தத் தகட்டைக் கழற்றிப் பட்டைகளைச் சரிபாருங்கள். இடுப்புப் பட்டியை நீங்கள் இறுக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் அடைபடும், அங்கிருந்து தொடங்குங்கள்.